பிடிடி (ரேடியோல பேசறப்ப அமுக்கற பட்டன்) அமுக்குனா விமானத்தோட ஆட்டோபைலட் இடப்பக்கம் சாயுதுங்க, எங்கிருந்து தேடறது?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. கோயமுத்தூர் பக்கம் ஒரு ஹேங்கர்ல ஏவியானிக்ஸ் (விமான எலக்ட்ரானிக்ஸ்) வேலை பழகிட்டிருக்கறேன். நாலு சீட்டு, ஒத்தை இன்ஜின், அலுமினிய பாடி, பழைய அனலாக் ஆட்டோபைலட். பைலட் எழுதுன ஸ்நாக் (குறை) இதுதான்: சென்னிமலைக்கு மேல ஹெடிங் மோட்ல (ஆட்டோபைலட் வெச்ச திசையைப் பிடிச்சுப் போற மோட்) வந்துட்டிருக்கறப்ப கோவை அப்ரோச்சைக் கூப்பிட பிடிடி அமுக்குனதும் ரெக்கை இடப்பக்கம் சாயுது, பட்டனை விட்டா தானா நிமுந்துக்குது. ரெண்டு ரேடியோல காம் ஒன்ல மட்டுந்தான், காம் டூல எவ்வளவு நேரம் பேசுனாலும் ஒண்ணும் ஆகறதில்லை. ஆட்டோபைலட் கம்ப்யூட்டரைக் கூட வேற போட்டுப் பாத்தாச்சு, அதே கதைதான். வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பல்லடத்தான்:
ஆடி மாசமுங்க, பாலக்காட்டுக் கணவாய்ல வர்ற காத்து இங்க ஆளையே தள்ளுது. டர்புலன்ஸா இருக்குமோ?

கோபிக்காரன்:
இல்லைங்ணா. தரையில நிறுத்தி வெளிபவர் குடுத்து ஆட்டோபைலட்டை எங்கேஜ் பண்ணி பிடிடி அமுக்குனாலே யோக் (பைலட் பிடிக்கற ஸ்டியரிங்) மெதுவா இடப்பக்கம் திரும்புது. 119 மெகாஹெர்ட்ஸ்ல கொஞ்சம், 130 தாண்டுனா நெம்ப எச்சா.

பெருந்துறை ஹாம்:
அப்ப ஆர்எஃப் (ரேடியோ அலை) உள்ள பூந்துருக்குதுங்க, சந்தேகமே வேண்டாம். எங்கூர்ல மாரியாத்தா நோம்பிக்கு மைக்செட் கட்டியிருக்கறப்ப நான் நாப்பது மீட்டர் ஹாம் பேண்டுல எஸ்எஸ்பி முறையில பேசுனா ஸ்பீக்கர்ல கொரகொரன்னு என் குரல் வரும், ஆம்ப்ளிபயரோட இன்புட்ல ரேடியோ அலை ரெக்டிஃபை ஆகிருது, அதான் காரணம். உங்க ஆட்டோபைலட்லயும் இதேதான் நடக்குது. விமான ரேடியோ ஏஎம், பேசாட்டியும் பிடிடி அமுக்கி இருக்கற வரைக்கும் கேரியர் (குரலைச் சுமக்கற அலை) இருக்கும், அது உள்ள போய் ஒரு டிசி வோல்டேஜா மாறிருது, டர்ன் கோஆர்டினேட்டர்ல (விமானம் திரும்பறதைக் காட்டற கருவி) இருந்து வர்ற சிக்னல்தான்னு நம்பி கம்ப்யூட்டர் ரோல் சர்வோவை (ரெக்கையைச் சாய்க்கற மோட்டார்) திருப்புது. 120 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 2.5 மீட்டர், அதுல கால்வாசி 62 சென்டிமீட்டர், உங்க பேனலுக்குப் பின்னாடி அந்த நீளத்துக்கு ஒரு ஒயர் இருந்தா அதுவே ஆன்டெனா ஆயிரும். ஃப்ரீக்குவென்சி மாறுனா சாயறதும் மாறுதுன்னா அதுக்குத்தான். 43 மிக்ஸ் ஃபெரைட் கிளிப் (ஒயர்ல வர்ற ரேடியோ அலையைத் தடுக்கற வளையம்) நாலு மாட்டிப் பாருங்க.

பீளமேடு பி2:
தம்பி, ஃபெரைட் இப்ப வேண்டாம். ஒண்ணு, அப்ரூவ்டு டேட்டா இல்லாம சர்டிஃபைடு ஏர்கிராஃப்ட்ல எதையும் மாட்டக்கூடாது. ரெண்டாவது, காம் டூ நல்லாருக்குதுன்னா ஆட்டோபைலட் மேல குத்தமில்லை, காம் ஒன் பக்கம் ஏதோ கசியுது, அதை அடைக்காம ஃபெரைட் போட்டா கசிவு மறைஞ்சு நிக்கும், அவ்வளவுதான். காம் ஒன் ரேடியோவோட கோயாக்ஸை (ஆன்டெனா கேபிள்) கழட்டிட்டு அந்த எடத்துல 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலா பவரை வாங்கிக்கற ரெசிஸ்டர்) மாட்டிக் கீ பண்ணு, அதாவது பிடிடி அமுக்கு. யோக் அசைஞ்சா ரேடியோ, பவர், கிரவுண்டு ஒயர்ல தேடு. அசையலைன்னா கோயாக்ஸுக்கு அந்தப்பக்கம். அப்புறம் ரெண்டு ஆன்டெனா கோயாக்ஸையும் இடம் மாத்திப் பாரு. ஆன்டெனாவுல கீ பண்றப்ப டவர்காரங்க பேசற ஃப்ரீக்குவென்சியைத் தொடாதே. முடியற வரைக்கும் ஆட்டோபைலட் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து மறுபடி உள்ள போகாம காலர் மாட்டி, பேனல்ல இன்ஆப்னு (வேலை செய்யாது) ஒட்டி, லாக்ல எழுதிரு. அப்ரோச்ல தாழ வர்றப்ப இப்பிடி சாஞ்சா பைலட்டுக்கு நேரம் பத்தாது.

கோபிக்காரன்:
டம்மி லோடுல யோக் துளியும் அசையலைங்ணா. இடம் மாத்துனா காம் ஒன் ரேடியோ காம் டூ ஆன்டெனாவுல சுத்தமா இருக்குது, காம் டூ ரேடியோ அந்தப்பக்கம் போனதும் யோக்கைத் திருப்புது.

பீளமேடு பி2:
மாட்டுச்சு. காம் ஒன் ஆன்டெனாவை இறக்கி அடிப்பக்கம் பாரு, மில்லி ஓம் மீட்டர் வெச்சு பேஸுக்கும் ஸ்கின்னுக்கும் (விமானத்தோட வெளித்தகடு) நடுவுல ரெசிஸ்டன்ஸ் அள. 0.003 ஓமுக்கு மேல இருக்கக்கூடாது.

கோபிக்காரன்:
சாயந்திரம் சீனியரோட ஒட்டுக்கா இறக்கினோங்க. கேஸ்கெட் கிழிஞ்சு தண்ணி எறங்கி, பேஸுக்கு அடியில வெள்ளை வெள்ளையா பவுடர் மாதிரி அரிச்சுக் கெடக்குது, ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்திப் பெயிண்டு வேற. மீட்டர்ல 0.2 ஓம். கோயாக்ஸ் பழைய ஆர்ஜி 58, பிஎன்சிக்குள்ள ஷீல்டு பின்னல்ல பாதி இழை கருத்து அத்துப்போயிருக்குது.

பெருந்துறை ஹாம்:
செரியாப் போச்சு. கிரவுண்டு பிளேன் (ஆன்டெனாவுக்கு அடித்தளமா இருக்கற தகடு) கிடைக்காத கரண்டு ஷீல்டோட வெளிப்பக்கமா கேபினுக்குள்ளயே திரும்பி வந்துருக்குது, அந்தக் கோயாக்ஸ் எந்த வழியா எறங்குதுன்னு பாருங்க.

கோபிக்காரன்:
டோர் போஸ்ட் வழியா எறங்கி டர்ன் கோஆர்டினேட்டர் ஒயர் ஹார்னஸோட ஒரே கட்டுல கட்டியிருந்துச்சுங்க!

பீளமேடு பி2:
அதைப் பிரிச்சு தனியாக் கொண்டு போ. ஸ்கின்னை வெறும் அலுமினியம் தெரியற வரைக்கும் சுத்தம் பண்ணி, அலோடைன் (அரிப்பைத் தடுக்கற பூச்சு) போட்டு, புது கேஸ்கெட், ஓரத்துல சீலன்ட். கேபிள் ரெட்டைப் பின்னல் ஆர்ஜி 400 போடு, மேனுவல்ல சொல்ற ரூட்டிங் தாண்டாதே. காம் டூ ஆன்டெனாவும் அதே வயசுதான், அதையும் இறக்கிப் பாத்துரு.

கோபிக்காரன்:
முடிஞ்சுதுங்ணா. பாண்டிங் (பேஸ், ஸ்கின் நடுவுல ரெசிஸ்டன்ஸ்) 0.003 ஓமுக்குக் கீழ, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவுல இருந்து திரும்பி வர்ற அலையைக் காட்டற அளவு) 3க்கு மேல இருந்தது 1.4க்கு வந்துருச்சு, 118ல இருந்து 136 வரைக்கும் கீ பண்ணிப் பாத்தோம், யோக் நின்ன எடத்துலயே நிக்குது. காம் டூ கேஸ்கெட்டும் வெடிச்சிருந்துச்சு, மாத்தியாச்சு. சீனியர் பாத்துக் கையெழுத்துப் போட்டாச்சு. காத்தால டெஸ்ட் ஃபிளைட், பைலட் உயரத்துல வெச்சு டிஸ்கனெக்ட் பட்டன்ல கை வெச்சுட்டே ஒவ்வொரு மோடா பாக்கறேன்னு சொல்லியிருக்காருங்க.