அப்பாவின் பி.எஸ்.ஏ.க்கு என்ன ரயர் போடலாம்?

கொக்குவில்காரன்:

அப்பாவின் மோட்டார்சைக்கிள் பி.எஸ்.ஏ. பி31, 1953 மொடல், 350 சீசீ. பத்து வருடத்துக்கு மேலாகக் கொட்டிலில் சாக்குப் போர்த்திக் கிடந்ததைப் போன மாதம் வெளியே இழுத்தேன். மூன்றாம் நாள் உதைக்கு எஞ்சின் எழும்பிவிட்டது. இப்போது ரயர்தான் பிரச்சினை.

இரண்டு சில்லுக்கும் அளவு 3.25-19, அதாவது ரயர் அகலம் 3.25 அங்குலம், றிம் 19 அங்குலம். பின்ரயரின் பக்கச்சுவர் வெடித்து, வெடிப்புக்குள் நூல் தெரிகிறது. முன்ரயரில் வரிகள் ஆழமாகவே இருக்கின்றன, ஆனால் நகத்தால் அமத்திப் பார்த்தால் கல்.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். 17, 18 என்று கேட்டால் அள்ளிப் போடுகிறார்கள். 19 என்றதும் ‘அது என்ன வண்டி?’ என்று தொடங்கிக் கதை எங்கேயோ போய்விடும். ஒரே ஒரு கடையில் இங்கிலாந்து ரயர் இரண்டு, ஒருநாளும் ஓடாதது என்று கடதாசியைப் பிரித்துக் காட்டினார்கள். மினுக்கம் என்றால் அப்படி ஒரு மினுக்கம். விலையும் அப்படித்தான். இன்னொருவர் பின்னுக்கு 3.50-19 போட்டால் வடிவாக இருக்கும் என்கிறார்.

அப்பாவுக்கு 79 வயது. போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி இது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சனத்துக்குள் ஓட்ட வழியில்லாமல் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரி வரை உருட்டியே போனாராம். நடுவில் பின்சில்லு காற்றுப் போக, ரயருக்குள் வைக்கோலை அடைத்து உருட்டினேன் என்பார். பாதி கதை, பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை ஒருதரம் பின்னுக்கு இருத்திப் பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய்வர வேணும். 50க்கு மேல் ஓடமாட்டேன். எதை வாங்கலாம்?

பழசுப்பிரியன்:

அந்த இங்கிலாந்து ரயரை விடாதையுங்கோ! பி.எஸ்.ஏ.க்கு முன்னுக்கு நீளவரி ரயர் போட்டால்தான் முகமே வரும். காசு இன்றைக்குப் போகும், நாளைக்கு வரும்.

இணுவில் கராச்:

தம்பி, காசு வரும். முழங்கால் வராது.

காசைக் கொடுக்க முதல் பக்கச்சுவரைப் பாருங்கள். டொட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருந்தால், முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முந்திய சரக்கு. ஓடாத ரயர் பழுதாகாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. றப்பர் ராக்கையில் இருந்தபடியே இறுகும். மினுக்கம் மெழுகாலும் வரும். காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. முதல் மழைக்குச் சந்தியில் பிறேக் பிடிக்கும்போதுதான் தெரியும்.

உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. 1955இல் சென்னையில் றோயல் என்ஃபீல்ட் புல்லட் பூட்டத் தொடங்கியவர்கள் அதே 3.25-19 அளவை ஐம்பது வருடத்துக்கு மேல் மாற்றவில்லை. அதனால் எம்.ஆர்.எஃப்., சியட் இரண்டு பேரும் இந்த அளவில் ரயர் செய்கிறார்கள். இங்கே கடையில் இல்லாவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி எடுப்பியுங்கள். நீளவரி வேணுமென்றால் முன்னுக்கு மட்டும் போடலாம், ஆனால் புதுச் சரக்காக இருக்க வேணும்.

3.50 வேண்டாம். அது 500 சீசீ பி33இன் பின்சில்லுக்கு வந்த அளவு. உங்கள் வண்டியில் செயின் பக்கம் எவ்வளவு இடம் மிச்சம் என்று விரலை விட்டுப் பாருங்கள். ஆறு மில்லிமீற்றர் சின்னக் கணக்கில்லை.

இனி றிம். ரயரை விட எனக்குப் பயம் அதுதான். உப்புக்காற்றில் கிடந்த றிம் வெளியே வெள்ளியாகவும் உள்ளே புற்றாகவும் இருக்கும். கம்பி நுனி நீட்டிக்கொண்டிருந்தால் அராவி விட்டு, கம்பி ரியூப்பைக் குத்தாமல் காக்கிற றிம் நாடாவும் புதிதாகப் போட்டு, ரியூப்பும் புதிதாக வாங்குங்கள். ரயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ரியூப்பில் மிச்சம் பிடிக்கிற ஆட்களை நிறையக் கண்டிருக்கிறேன். ரியூப்பில் கொஞ்சம் பவுடர் தட்டுங்கள், குழந்தைக்குப் போடுவது போதும். காற்றடிக்கும் வால்கட்டையின் நட்டை றிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து விடுங்கள். ரயர் நழுவினால் கட்டை சரிந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கினால் ஒன்றும் காட்டாமல் அடியோடு அறும்.

நெல்லியடியான்:

3.25 கிடைக்காவிட்டால் 90/90-19 பாருங்கள், முந்திய என்ஃபீல்ட் கிளாசிக் 350இன் முன்ரயர். 90இன் 90 வீதம் 81 மில்லிமீற்றர் உயரம். 3.25 அங்குலம் என்பது 82.5. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அகலம்தான் ஏழரை மில்லிமீற்றர் கூட.

இணுவில் கராச்:

கணக்குச் சரி. முன்னுக்குப் போடலாம். பின்னுக்கு 3.50க்குச் சொன்ன அதே விரல்தான்.

கொக்குவில்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அந்தக் கடைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன். மூன்று இலக்கம். நான் குனிந்து தேடுவதைக் கண்டதும் கடைக்காரர் ஒன்றும் பேசாமல் கடதாசியைச் சுற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார். பழசுப்பிரியன், விருப்பமென்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மச்சான் பஞ்சிகாவத்தையில் 3.25-19 இரண்டு எடுத்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார். இரண்டும் போன வருடத்துச் சரக்கு. பின்சில்லைக் கழற்றினால் றிம் நாடா இருக்கவேண்டிய இடத்தில் யாரோ சைக்கிள் ரியூப்பைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள். அதை உரித்தபோது றிம் பள்ளத்தில், துருவோடு துருவாக, இரண்டு மூன்று வைக்கோல் துண்டு. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சொன்னால் நீ எங்கை நம்பினாய்” என்றார்.

ஞாயிறு காலை வேலணை போய்வந்தோம். புல்லட்டுக்குச் சொல்வதுபோல் காற்று முன்னுக்கு 18 இறாத்தல், பின்னுக்கு 28 வைத்து, அப்பா ஏறுகிறார் என்று பின்னுக்கு இன்னும் இரண்டு கூட்டினேன். வண்டி நேராகப் போகிறது. அப்பாதான் இடுப்பு நோகுது, காற்றைக் கொஞ்சம் இறக்கு என்கிறார். இறக்கலாமா?

இணுவில் கராச்:

ஐயாவை ஏற்றிக்கொண்டு இறக்காதையுங்கோ. மட்கார்டில் பூட்டியிருக்கிற அந்தச் சின்ன மெத்தைக்குள் புது ஸ்பொஞ் வைத்துத் தைப்பியுங்கள்.