ஒலிவ்காயா, பிளாக்பெரியா?

கேள்வி (நல்லூர்):
கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒரு போத்தல் ஒலிவ்காயும் உறையவைத்த பிளாக்பெரியும் கொண்டு வந்திருக்கிறார். சலரோகமும் இரத்த அழுத்தமும் உள்ள அம்மாவுக்கு எது ஏற்றது என்று அறியத் தருவீர்களா?

மறுமொழி 1:
அக்கா, இரண்டும் பழங்களே எனினும் இயல்பில் வெகுவாக வேறுபட்டவை. 100 கிராம் பிளாக்பெரியில் ஏறத்தாழ 43 கலோரியும் 5 கிராம் நார்ச்சத்தும் 21 மில்லிகிராம் விற்றமின் சியும் உண்டு. கொழுப்போ அரைக் கிராம்தான். பச்சை ஒலிவ்காயில் கொழுப்பு 15 கிராம் வரை இருக்கும். அதில் பெரும்பகுதி இதயத்துக்கு உகந்த ஒலெயிக் அமிலமே என்றாலும், ஒலியுரோப்பீன் என்னும் கசப்புப் பொருளை நீக்குவதற்காக உப்புநீரில் நெடுநாள் ஊறவிடுவதால், சோடியம் 1500 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. அம்மாவின் இரத்த அழுத்தத்தை எண்ணினால் நான் பிளாக்பெரியையே கொடுப்பேன்.

மறுமொழி 2:
ஒலிவ்காயை முற்றாக விலக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு காய்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, அன்றைய ஊறுகாய்க்குப் பதிலாகச் சோற்றுடன் கொடுக்கலாம்.

மறுமொழி 3:
பிளாக்பெரியைப் பிட்டுப் பாருங்கள்: வித்துள்ள சிறு மணிகள் பல ஒட்டியிருக்கும், சாறு நாக்கில் ஊதாக் கறையிடும். அந்நிறத்தைத் தரும் அந்தோசயனின் நம் நாவற்பழத்திலும் உண்டு. பருவம் வந்தால் நாவற்பழத்தை நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலேயே வாங்கிக் கொடுக்கலாம்.