கலைச்சொல் தேவை: லாண்டிங் பேஜுக்குத் தமிழ் என்ன?

அனுப்பியவர்: திருமலை வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். இங்க திருகோணமலை டவுனில சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ், படகு, டைவிங், சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிற ஆக்களுக்கு வார இறுதியில வெப்சைட் வகுப்பு நடத்துறம். அதுக்கு ஒரு கைநூல் எழுதி முடியப்போகுது. சித்திரையோட நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் தொடங்கிடும், அதுக்கு முதல் புத்தகம் ஆக்களின்ர கையில இருக்கோணும், பிரஸ்காரர் வெள்ளிக்கிழமைக்குள்ள பைல் தாங்கோ எண்டு நிக்கிறார். தேடுபொறி, குறிச்சொல், தொடுப்பு எல்லாம் பிரச்சினையில்லை. லாண்டிங் பேஜ், அதாவது தேடலில இருந்தோ விளம்பரத்தில இருந்தோ ஆள் வந்து சேருற பக்கம், அது ஒண்டுதான் சிக்கிக்கொண்டு கிடக்கு.

ஏன் இதுக்கு இவ்வளவு நிக்கிறன் எண்டால், எங்கட ஆக்களில கனபேர் புறாமலைத் தீவு ட்ரிப், திமிங்கிலம் பாக்கிறது, கன்னியா வெந்நீரூற்று, றூம் வாடகை எல்லாத்தையும் முகப்புப் பக்கத்திலயே கொட்டி வைக்கினம். புறாமலைக்குப் படகு எவ்வளவு எண்டு கூகிள்ல தேடுறவருக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லுற தனிப் பக்கம் ஒண்டு வேணும், தனித் தலைப்பு, விலை, படகு எங்கயிருந்து வெளிக்கிடும், எத்தினை மணிக்கு, ஆருக்கு போன் அடிக்கிறது. கூகிள் விளம்பரம் போட்டாலும் ஆள் வந்து சேருற பக்கம் எப்பிடி இருக்கு எண்டதையும் பாத்துத்தான் விளம்பரத்துக்குத் தரப் புள்ளி போடுறாங்கள். அந்தப் பக்கத்துக்கு வாயில நிக்கிற மாதிரி ஒரு பேர் தாங்கோ.

அனுப்பியவர்: சென்னை

வணக்கம் நண்பரே. இதுக்கு "தரையிறங்கு பக்கம்"னு நாங்க மொழிபெயர்ப்புல ஏற்கெனவே போட்டுட்டுத்தான் இருக்கோம். புழக்கத்துல ஒண்ணு இருக்கும்போது புதுசா உருவாக்கினா அப்புறம் அகராதியில நாலு சொல், தேடுறவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள கோப்பு வேணும்னு சொல்றீங்க, இதையே போட்டுடுங்க.

அனுப்பியவர்: மூதூர்

சென்னைத் தம்பிக்கு வணக்கம். அந்தச் சொல் உங்களுக்கு விமானத்தை ஞாபகப்படுத்தும், எங்களுக்கு அப்பிடியில்லை. தரையிறக்கம் எண்டதை நாங்கள் எத்தினையோ வருசம் யுத்தச் செய்தியிலதான் கேட்டது, கடல் வழியா ஆமி வந்து இறங்கினதுக்குத்தான் பேப்பரில அப்பிடிப் போடுவினம். மூதூரில இருந்துகொண்டு றூம் புக் பண்ணுற பக்கத்துக்கு அந்தப் பேரை நான் வகுப்பில சொல்ல மாட்டன். வேற பாருங்கோ.

அனுப்பியவர்: நிலாவெளி

நான் அந்த வகுப்புக்குப் போற ஆள், கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிறன், இலக்கணம் தெரியாது, ஆனா ஒண்டு சொல்லுறன். "தரை"யை வெட்டிப்போட்டு "இறங்கு பக்கம்" எண்டு மட்டும் வச்சிடாதேங்கோ. எங்களுக்கு இருக்கிற பெரிய பயமே கூகிள்ல கீழ இறங்கிறதுதான், போன சீசன் மேல நிண்ட பக்கம் இந்த சீசன் இறங்கிட்டுது எண்டுதான் நாங்கள் கதைக்கிறது, அதால இறங்கு பக்கம் எண்டால் உடனே "ஐயோ என்ர பக்கம் இறங்கிப்போச்சோ" எண்டுதான் விளங்கும். மற்றது "பேஜ்" எண்டால் இங்க எல்லாருக்கும் பேஸ்புக் பேஜ்தான், அதால பக்கம் எண்டு தமிழில சொல்லுறது நல்லம், அது ரெண்டையும் பிரிச்சுக் காட்டும்.

அனுப்பியவர்: உப்புவெளி

அன்பர்களுக்கு. நிலாவெளிக்காரர் இலக்கணம் தெரியாது எண்டு சொல்லிக்கொண்டு சரியான இலக்கணம் சொல்லியிருக்கிறார். இறங்குபக்கம் எண்டது வினைத்தொகை, காலமும் மறைஞ்சு நிக்கும், வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவும் மறைஞ்சு நிக்கும். இறங்குகின்ற பக்கமோ, ஆள் வந்து இறங்குகின்ற பக்கமோ எண்டு சொல் தானாச் சொல்லாது. ஊறுகாய் எண்டால் ஊறுறது காய்தான், அதில மயக்கமில்லை. இங்க மயக்கம் இருக்கு.

என்ர பரிந்துரை "கால்கோள் பக்கம்". கால்கோள் எண்டால் தொடக்கம். தொல்காப்பியப் புறத்திணையியலில நடுகல் எடுக்கிற முறையில காட்சிக்கு அடுத்தது கால்கோள், சிலப்பதிகாரத்தில வஞ்சிக்காண்டத்தில காட்சிக் காதைக்குப் பிறகு வாறது கால்கோட் காதை. தேடல் முடிவில உங்கட தலைப்பைக் காணுறது காட்சி, சொடுக்கி வந்து கால் வைக்கிறது கால்கோள். வரிசை அப்பிடியே பொருந்துது பாருங்கோ.

இன்னொண்டு. ஒப்டிமைசேசனுக்கு வைக்கிற "உகப்பாக்கம்" எண்ட சொல்லைச் செயற்கை எண்டு ஆக்கள் தள்ளுகினம். தொல்காப்பிய உரியியலில உகப்புக்குப் பொருள் உயர்தல், உவப்புக்குத்தான் உவகை. தேடுபொறி உகப்பாக்கம் எண்டால் தேடுபொறியில உயர்த்துறது. உருவாக்கினவர் இதை மனசில வச்சுத்தான் செய்தாரோ இல்லையோ, சொல் சரியா விழுந்திருக்கு, கைநூலில அதை விட்டிடாதேங்கோ.

அனுப்பியவர்: மூதூர்

ஐயா, உகப்புக்கு நன்றி, அதை நானும் வகுப்பில சொல்லுவன், வடிவா இருக்கு. ஆனா கால்கோள் வேண்டாம். அது செத்த வீரனுக்குக் கல் எடுக்கிறதில வாற சொல், திமிங்கிலம் பாக்க பிள்ளைகுட்டியோட வாற சனத்துக்குக் காட்டுற பக்கத்துக்கு அதை வைக்க எனக்கு மனம் வரேல்லை. படிச்சவைக்கு நடுகல் ஞாபகம் வரும், படிக்காதவைக்கு ஒண்டும் ஞாபகம் வராது.

அனுப்பியவர்: கிண்ணியா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஏன் இவ்வளவு தூரம் போறீங்க, "வாசல் பக்கம்" எண்டு வைங்களேன், எல்லாருக்கும் வெளங்கும். வாயில் பக்கம் எண்டு ஐயாவுக்குப் பிடிச்ச மாதிரியும் எழுதலாம்.

அனுப்பியவர்: திருமலை வகுப்பு

கிண்ணியா நானா, வாசல் எனக்கும் முதல் வந்த சொல்தான், ஆனா அதில ஒரு கண்ணி இருக்கு. ஒரே பக்கத்தை எடுத்து ஊர்ப் பேரை மட்டும் மாத்தி நிலாவெளி றூம், உப்புவெளி றூம், குச்சவெளி றூம், மூதூர் றூம் எண்டு அடுக்கி, எதை அமத்தினாலும் கடைசியில ஒரே புக்கிங் படிவத்துக்கே தள்ளுற பக்கங்களுக்கு கூகிள் "டோர்வே பேஜ்" எண்டு பேர் வச்சிருக்கு. அது அவங்கட ஸ்பாம் விதியில தடை, 2015ல அதுக்கெண்டே தரவரிசையில ஒரு மாற்றமும் கொண்டுவந்தவங்கள். அதைத் தமிழில சொல்லேக்க வாயில் பக்கம் எண்டுதான் வரும். செய்யவேண்டியதுக்கும் செய்யக்கூடாததுக்கும் கிட்டத்தட்ட ஒரே பேர் வச்சால் வகுப்பு குழம்பிடும், அதுவும் எங்கட ஆக்களுக்கு ஊர்ப்பேர் மாத்திப் பக்கம் செய்து தாறன் எண்டு காசு கேட்டுக்கொண்டு ஆக்கள் வருகினம்.

இன்னொரு சிக்கலையும் இப்பவே சொல்லிடுறன். லாண்டிங் பேஜ் எண்டு ரெண்டு விசயத்தைச் சொல்லுறாங்கள். விளம்பரக்காரர் சொல்லுறது ஒரு நோக்கத்துக்காகச் செய்த பக்கம். வெப்சைட்டுக்கு வாற ஆக்களின்ர கணக்குக் காட்டுற கூகிள் அனலிட்டிக்ஸ் அறிக்கையில அதே பேரில வாறது, வந்த ஆள் முதல் கால் வச்ச பக்கம் எதுவோ அது, அது நீங்கள் எதிர்பாக்காத பழைய போட்டோப் பக்கமாயும் இருக்கலாம். இந்த ரெண்டுக்கும் இடையில உள்ள தூரத்தைக் காட்டுறதுதான் அந்த அத்தியாயத்தின்ர வேலையே. ஆள் எங்க வருது எண்டு பாத்து, அந்தப் பக்கத்தைத் திருத்திறதோ, சரியான பக்கத்துக்குத் தொடுப்புக் குடுக்கிறதோ. ஒரே சொல் ரெண்டுக்கும் வச்சால் இங்கிலீசில இருக்கிற குழப்பத்தை அப்பிடியே தமிழுக்கு இறக்குமதி செய்த மாதிரி.

அனுப்பியவர்: மூதூர்

அப்ப பிரிச்சே வைப்பம். அறிக்கையில வாறதுக்குக் கலைச்சொல்லே வேண்டாம், "முதல் வந்த பக்கம்" போதும். செய்து வைக்கிற பக்கத்துக்கு "இறங்குதுறைப் பக்கம்" எப்பிடி? மூதூர் இறங்குதுறை எண்டால் இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும், லோஞ்சில வாறவர் இறங்கவேணும் எண்டே ஒருத்தர் கட்டி வச்ச இடம், கண்ட இடத்தில கரை தட்டினால் அது இறங்குதுறை இல்லை. கட்டினது எண்ட பொருள் அதுக்குள்ள இருக்கு, நிலாவெளி அண்ணன் பயப்பிடுற கீழ இறங்கிறதும் வராது. கொட்டியாரக் குடாவில ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் 1660ல பிடிபட்ட கதை தேடி வாற வெள்ளைக்காரருக்கு ஒரு பக்கம் செய்யச் சொல்லி என்ர பிள்ளையளுக்குக் குடுத்திருக்கிறன், அதுக்கு அவையள் மூதூர் முழுக்க எழுதாமல் எப்பிடி வாறது, எங்க பாக்கிறது, ஆர் கூட்டிக்கொண்டு போவினம் எண்டு மட்டும் எழுதோணும். அந்தப் பக்கத்துக்கு இந்தப் பேர் சரியா இருக்கு.

அனுப்பியவர்: உப்புவெளி

டீச்சர் நல்ல சொல் தந்திருக்கிறா. ஆனா நீளம். "துறைப்பக்கம்" போதும். துறை எண்டாலே நீரில ஆக்கள் இறங்கிற, ஏறுற இடம்தான், அதில இறங்கு எண்டது மிகை. பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை எல்லாம் இறங்கு எண்ட சொல் இல்லாமல்தானே நிக்குது. என்ர எண்ணத்தில துறையும் திறவும் ஒரே வேர், கரை திறந்திருக்கிற இடம் துறை, அதிலயிருந்து அறிவுத் துறை, புறத்துறை, அகத்துறை எண்டு விரிஞ்சது. துறத்தலும் அங்கயிருந்து வந்திருக்கலாம், கரையை விட்டுப் போறது, இது என்ர ஊகம்தான். இதைப் பற்றி விரிவா எழுதலாம்.

அனுப்பியவர்: கிண்ணியா

சம்மாந்துறையையும் சேருங்க ஐயா, சம்பான் படகு வந்து கட்டின துறை எண்டுதான் அங்க சொல்லுறது. நம்மட கிண்ணியாவில 2009ல பாலம் திறக்கிறதுக்கு முந்தி பாதை எண்ட மிதவைப் படகிலதான் கடக்கிறது, அந்த இடத்த இப்பவும் துறையடி எண்டுதான் சொல்லுவம். ஆனா ஐயா, துறைப்பக்கம் எண்டால் சுற்றுலாத்துறைப் பக்கம், கல்வித்துறைப் பக்கம் எண்டு டிப்பார்ட்மென்ட் வெப்சைட் மாதிரி இருக்கு. இறங்குதுறை எண்டு முழுசா வைங்க.

அனுப்பியவர்: நிலாவெளி

நானும் அதைத்தான் சொல்ல வந்தன். துறைப்பக்கம் கவர்மென்ட் மாதிரி. இறங்குதுறைக்கு என்ர வோட்டு.

அனுப்பியவர்: சென்னை

சொல் அழகா இருக்கு, மறுக்கல. ஆனா தேடுபொறி பத்தின புத்தகத்துலயே தேடுறவரை மறந்துடறோம். இதை நெட்டுல போடப்போறீங்கன்னா யாரும் "இறங்குதுறைப் பக்கம்"னு தேடப் போறதில்ல, "லேண்டிங் பேஜ்"னு தமிழ்லயே தட்டுவாங்க, இல்ல இங்கிலீஷ்ல தட்டுவாங்க. தலைப்புல ரெண்டும் வரணும். தேடல் முடிவுல தலைப்பு எவ்ளோ தெரியும்ங்கறது எழுத்து எண்ணிக்கை இல்ல, அகலம், தமிழ் எழுத்து அகலம் அதிகம், அதனால தேடுற சொல் முன்னாடி, உங்க சொல் பின்னாடி. பக்கத்தோட நிரல்ல மறைவா எழுதற மெட்டா கீவேர்ட்ல போட்டா போதும்னு நினைக்காதீங்க, தரவரிசைக்கு அதைப் பாக்கறதில்லன்னு கூகிள் 2009லயே சொல்லிட்டாங்க.

அனுப்பியவர்: கிண்ணியா

இதோட ரெண்டு விசயம் கைநூல்ல போடுங்க தம்பி, சொல்ல விட இது முக்கியம். ஒண்டு, பாமினி எண்ட பழைய எழுத்துருவில டைப் பண்ணினத அப்படியே வெப்சைட்டில ஒட்டுறாங்க, கண்ணுக்குத் தமிழ், உள்ளுக்கு இங்கிலீஸ் எழுத்து, கூகிளுக்கு அது தமிழே இல்ல. யூனிகோடுக்கு மாத்தித்தான் போடணும். ரெண்டாவது, வெப்சைட் முகவரிய முழுக்கத் தமிழில வச்சால் வட்ஸ்அப்பில அனுப்பக்குள்ள நூற்றுவீதக் குறியா நீளும். ஒரு தமிழ்க் குறியீடு யூ.டி.எஃப்-8 எண்ட யூனிகோட் சேமிப்பு முறையில 3 பைட், ஒரு பைட் முகவரியில 3 எழுத்து, அப்ப அது 9 எழுத்தாகும். திருகோணமலை எண்டதில 10 குறியீடு, அப்ப அந்த ஒரு சொல்லே 90 எழுத்து. தலைப்பு தமிழில இருக்கட்டும், முகவரி சுருக்கமா இருக்கட்டும்.

அனுப்பியவர்: உப்புவெளி

முகவரியில தமிழ் நீளுது எண்டதுக்காகத் தமிழை விடச் சொல்லுறது சரியில்லை. நீளுறது கணினியின்ர குறை, மொழியின்ர குறையில்லை. .இலங்கை எண்டு தமிழிலயே ஆள்களப் பெயர் (டொமைன்) 2010ல இருந்து இருக்கு. அதையாவது ஒரு வரி சொல்லுங்கோ.

அனுப்பியவர்: திருமலை வகுப்பு

எல்லாருக்கும் நன்றி, பிரஸ்காரர் திரும்பவும் எடுத்தவர், அதால இப்பிடிச் செய்திருக்கிறன். அத்தியாயத் தலைப்பு "லாண்டிங் பேஜ்: இறங்குதுறைப் பக்கம்". அனலிட்டிக்ஸ் அறிக்கைக்கு "முதல் வந்த பக்கம்". டோர்வே பேஜுக்கு "போலிவாயில் பக்கம்", இதுக்கு ஒருத்தரும் மறுப்புச் சொல்லேல்லை எண்டு எடுத்துக்கொள்ளுறன், நேரம் இல்லை. பாமினி, முகவரி, .இலங்கை மூண்டும் கடைசி அத்தியாயத்தில வருது. திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, ட்ரிங்கோ எண்டு ஆக்கள் எப்பிடியெல்லாம் தட்டுகினம் எண்டதை சேர்ச் கொன்சோலில பாக்கிற பயிற்சியையும் அதுக்குள்ள போட்டிட்டன்.

அனுப்பியவர்: சென்னை

சரி. நாங்க தரையிறங்கு பக்கம்தான் தொடர்ந்து போடுவோம், பழைய கோப்பு எல்லாத்தையும் மாத்த முடியாது. உங்க கைநூல் வந்தா ஒரு பிரதி அனுப்புங்க.

அனுப்பியவர்: உப்புவெளி

போலிவாயில் எண்டதுக்கு எனக்கு மறுப்பு இருக்கு. வாயில் உண்மையானதுதான், அதுக்குப் பின்னால இருக்கிற வீடுதான் ஒண்டே ஒண்டு. "பல்வாயில் பக்கம்" எண்டு இருக்கோணும். அச்சுக்குப் போயிட்டுதோ?