அமெரிக்கா நினைச்சா பாலஸ்தீனப் பிரச்சினை தீர்ந்துருமா?

முனீஸ்வரன்கோவில் தெருக் கடைக்காரன், காரைக்குடி

வணக்கம். பழைய பொருள் கடை வச்சிருக்கேன். போன வாரம் தேக்குத் தூண் பார்க்க வந்த அமெரிக்கர்கிட்ட என் மச்சான் நேராவே கேட்டுட்டான்: "நீங்க ஆயுதம் கொடுக்கறத நிறுத்தினா சண்டை நின்னுரும்ல, ஏன் நிறுத்தல?" அவர் சிரிச்சிக்கிட்டே, "எங்க பேச்சை இஸ்ரேல் கேக்கறதே இல்லைங்க"ன்னார். மச்சான் நம்பல, எனக்கும் முழுசா நம்பிக்கை வரல. வருஷத்துக்கு 380 கோடி டாலர் ராணுவ உதவி கொடுக்கிற நாடு அது. கேக்காதது அவங்க குத்தமா, அழுத்திச் சொல்லாதது இவங்க குத்தமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கட்சிச் சண்டை வேண்டாம்.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, மேல்நிலைப் பள்ளியில வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவ நான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கங்க.

அமெரிக்கா வெறுமனே சொன்னப்ப இஸ்ரேல் கேட்டதில்ல. கேக்கலேன்னா என்ன நஷ்டம்னு சேத்துச் சொன்னப்ப கேட்டிருக்கு. 1956ல சூயஸ் கால்வாய்ச் சண்டையில எகிப்தோட சினாயைப் பிடிச்சாங்க. அப்ப அமெரிக்க அதிபரா இருந்த ஐசனோவர் வெளியேறச் சொன்னார், அவங்க இழுத்தடிச்சாங்க. தடை விதிக்கிற பேச்சு வந்ததும் 1957 மார்ச்சுல காலி பண்ணிட்டாங்க.

அதைவிட எனக்குப் பெரிசாத் தெரியறது 1991. சோவியத்துல இருந்து வர்ற யூதர்களைக் குடிவைக்க 1,000 கோடி டாலர் கடன் வாங்கணும், அதுக்கு அமெரிக்கா உத்தரவாதம் தரணும்னு இஸ்ரேல் கேட்டது. பாலஸ்தீனர் வாழுற மேற்குக் கரையில யூதக் குடியேற்றம் கட்டுறதை நிறுத்துங்க, அப்புறம் பார்ப்போம்னார் அதிபர் மூத்த புஷ். பிரதமர் ஷமீர் மசியல. ஆனா அந்த அக்டோபர்லயே அரபு நாடுகளோட சமாதானம் பேசற மாட்ரிட் மாநாட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அடுத்த ஜூன் தேர்தல்ல அவர் தோத்து, ராபின் பிரதமரா வந்தார். ஷமீர் தோத்தது இதனால மட்டும்னு சொல்ல மாட்டேன். ஆனா அமெரிக்காவோட மனஸ்தாபம் வந்தா ஓட்டு குறையும்னு இஸ்ரேல் அரசியல்வாதிக்குப் புரிஞ்சது. அதே வருஷம் நவம்பர்ல புஷ்ஷும் தோத்தார். பின்னால வந்த அமெரிக்க அதிபர்கள் எடுத்துக்கிட்ட பாடம் இது மட்டுந்தான் போல!

ஒபாமாவைப் பாருங்க. 2016 செப்டம்பர்ல பத்து வருஷத்துக்கு 3,800 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாச்சு. டிசம்பர்ல, பதவி முடிய ஒரு மாசம் இருக்கும்போது, குடியேற்றங்களைக் கண்டிச்சு ஐ.நா.வுல வந்த தீர்மானத்தை வீட்டோ பண்ணாம விட்டார். பணத்தைக் கொடுத்துட்டு அப்புறம் முகத்தைச் சுளிச்சா யாருக்கு உறைக்கும்? டிரம்ப் 2017ல ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகரம்னு அங்கீகரிச்சார். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைவர்களும் 1993ல போட்ட ஆஸ்லோ ஒப்பந்தத்துல, கடைசிப் பேச்சுவார்த்தைக்குன்னு ஒதுக்கி வச்ச விஷயம் அது. பதிலுக்கு ஒண்ணும் வாங்கல.

நம்ம பக்கம் பாகப்பிரிவினைக்கு ஒருத்தரை மத்தியஸ்தம் பண்ணக் கூப்பிட்டு, அவர் ஒரு பங்காளிக்கு மட்டும் தொழிலுக்குப் பணம் போட்டவரா இருந்தா இன்னொரு பங்காளி அந்த வளவுக்குள்ள வருவானா?

கண்டனூரான், தம்மாம்

ஆச்சி, பாதிதான் ஒத்துக்குவேன். 1978ல கேம்ப் டேவிட்ல இஸ்ரேல், எகிப்து சமாதானம் பேசினப்ப, அதிபர் கார்ட்டர் ரெண்டு பக்கமும் அழுத்தி, ரெண்டு பேருக்கும் பணம் கொடுத்துத்தான் காரியத்தை முடிச்சார். எகிப்துக்கு சினாய் திரும்பக் கிடைச்சது, வருஷா வருஷம் ராணுவ உதவியும் போகுது. ஆனா அது ரெண்டு அரசாங்கம். பாலஸ்தீனத்துல யாரை அழுத்துறது? 2007ல இருந்து காசாவுல ஹமாஸ் இயக்கம், மேற்குக் கரை ரமல்லாவுல பாலஸ்தீன ஆணையத் தலைவர் அப்பாஸ். 1995ல ராபினைச் சுட்டது ஒரு யூதத் தீவிரவாதி. அடுத்த வருஷம் பஸ்ல குண்டு வச்சது ஹமாஸ், அந்தக் கோபத்துல ஜெயிச்சு வந்தவர் நெதன்யாகு. இதுல வாஷிங்டன் எங்க வந்துச்சு?

பள்ளத்தூர் வாசி

நம்ம ஐயாக்களும் பர்மாவுல வயல், கிட்டங்கி எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வந்தாங்க. நாம மறந்துட்டு வேற தொழில் பார்க்கலையா? பாலஸ்தீனக்காரங்க ஏன் இன்னும் பழைய வீட்டுச் சாவியை வச்சிக்கிட்டு இருக்காங்க?

தேவகோட்டை ஆச்சி

பள்ளத்தூராரே, நாம திரும்பி வர்றதுக்கு ஊர் இருந்துச்சு, நகரக் கோயில் இருந்துச்சு, சொந்த நாடும் இருந்துச்சு. அங்க வட்டிக்குக் கொடுத்து, கடன் அடையாத வயல்தான் நம்ம கைக்கு வந்தது, உழுதவன் பர்மாக்காரன். 1948ல இஸ்ரேல் உருவானப்ப வெளியேறின ஏழு லட்சம் பாலஸ்தீனர் விட்டது அவங்க பிறந்த ஊரை. லெபனான் முகாம்ல பேரன் பேத்திக்குக்கூட இன்னும் குடியுரிமை கிடையாது. அவங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துற ஐ.நா. அமைப்புக்குக் கொடுத்த பணத்தையும் 2018ல அமெரிக்கா நிறுத்துச்சு. இந்த ரெண்டையும் ஒரே பேரேட்டுல எழுதாதீங்க.

கண்டனூர்த் தம்பி, குண்டு வச்சதை அமெரிக்கா தலையில நான் ஏத்தல. ஆஸ்லோ ஒப்பந்தமே நார்வேயில ரகசியமாப் பேசி முடிச்சது. கிளிண்டன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில பந்தல் போட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனா அந்த 1993ல மேற்குக் கரையில குடியேறினவங்க, கிழக்கு ஜெருசலேமை விட்டுட்டுக் கணக்குப் பார்த்தா, ஒரு லட்சம் சொச்சம். இப்ப 5 லட்சத்துக்கு மேல. எந்த நிலத்துல நாடு அமையணும்னு பேசினாங்களோ, பேசிக்கிட்டு இருக்கும்போதே அது கரைஞ்சது. அதைத் தடுக்கிற வசதி வாஷிங்டன்கிட்டதான் இருந்துச்சு.

கடைக்காரத் தம்பி, அந்த அமெரிக்கர் சொன்னதுக்குப் பதில் 2025லயே இருக்கு. செப்டம்பர்ல இஸ்ரேல் கத்தார் தலைநகரம் தோஹாவுல குண்டு போட்டது. அந்த மாசக் கடைசியில நெதன்யாகு வெள்ளை மாளிகையில இருந்தே போன் பண்ணி கத்தார் பிரதமர்கிட்ட மன்னிப்புக் கேட்டார். அக்டோபர் 10ல காசாவுல போர்நிறுத்தம். பேச்சைக் கேக்கறதே இல்லையாம்!

கண்டனூரான், தம்மாம்

தோஹா விஷயம் சரி ஆச்சி. ஆனா கத்தார்ல அமெரிக்காவோட அல் உதெய்து விமானத்தளம் இருக்கு, எரிவாயு இருக்கு, அதான் அந்த போன். ரமல்லாகிட்ட என்ன இருக்கு? காசா சண்டையை நிறுத்த டிரம்ப் போட்ட 20 அம்சத் திட்டத்துல, ஹமாஸ் பிடிச்சு வச்ச பணயக்கைதிகளை விடுதலை பண்ண 72 மணி நேரம்னு கெடு இருந்துச்சு. பாலஸ்தீன நாடுங்கிற இடத்துக்கு வந்தா, சீர்திருத்தம் ஆனப்புறம் ஒரு பாதை அமையலாம்னு போட்டிருக்கு. அதுக்கு ஒரு தேதிகூட இல்ல.