ஏரிக்கரை மனையில் கட்டக் கூடாது என்பது நியாயமா?

நீர்க்கரையான்:
ஈரநிலங்களைக் காக்க 1971-லேயே ராம்சார் ஒப்பந்தம் வந்துவிட்டது. நாடுகளும் தனித்தனியாகச் சட்டம் போட்டிருக்கின்றன. ஆனாலும் ஒரு சதுப்பு காணாமல் போவது உள்ளாட்சி அலுவலகத்து மேசையில்தான். இன்று ஒரு லேஅவுட்டுக்குக் கையெழுத்து, அடுத்த வருடம் பக்கத்து லேஅவுட்டுக்கு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்னதாகத்தான் தெரியும். அதனால் கட்டட விதியிலேயே எழுத வேண்டும்: கரையிலிருந்து இத்தனை தூரத்துக்கு மண் கொட்டக் கூடாது, கட்டக் கூடாது, விதிவிலக்கு கிடையாது.

சேமிப்புமனை:
அந்த "விதிவிலக்கு கிடையாது" என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது சார். நான் மனை வாங்கியபோது இந்தக் கோடே இல்லை. பதினொரு வருடச் சேமிப்பு அது. எனக்கு முன்னால் கட்டியவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊருக்கே நன்மை என்றால் ஊரே பணம் கொடுக்கட்டும், பாரம் மொத்தமும் என் தலையில் ஏன்? அமெரிக்காவில் லூக்காஸ் வழக்கைப் பாருங்கள். 1986-ல் கடற்கரையில் இரண்டு மனை வாங்கினார். 1988-ல் தென் கரோலினா மாநிலச் சட்டம் கட்டக் கூடாது என்றது. நிலத்தின் பொருளாதார மதிப்பு முழுவதும் போய்விட்டால் அது பறிமுதல்தான், இழப்பீடு உண்டு என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நீர்க்கரையான்:
அந்த வழக்கின் பின்கதையையும் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கிய அந்த மனைகளை மாநிலம் பிறகு வீடு கட்டுவதற்கே விற்றது. இழப்பீடு மட்டும் கரையைக் காப்பாற்றவில்லை.
1972-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இன்னொரு வழக்கு. அங்கே மரினெட் கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு உள்ளாட்சியின், கரையோர விதி ஏரியிலிருந்து 1,000 அடி வரை செல்லும். அதற்குள் இருந்த ஈரநிலத்தை அதன் சொந்தக்காரர்கள் அனுமதி இல்லாமல் நிரப்பினார்கள். பிறருக்குக் கேடு வரும்படி நிலத்தின் இயல்பையே மாற்றச் சொந்தக்காரருக்கு வரம்பற்ற உரிமை இல்லை என்றது அந்த மாநில உச்ச நீதிமன்றம்.

மண்வாசகன்:
இரண்டு பேரும் அந்தக் கோடு தரையிலேயே தெரிவதுபோல் பேசுகிறீர்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

கோடையில் போனால் வெறும் புல்தரை, வண்டியே ஓட்டலாம். துளைக்கருவியை ஒரு முழம் இறக்கி, வரும் மண்ணைக் கையில் உடைத்துப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் களி, வேர் ஓடிய இடமெல்லாம் துரு நிறக் கீற்று. தண்ணீர் நின்று காற்றுப் போகாத மண்ணில் இரும்பு கரைந்து நகர்ந்துவிடும், மிஞ்சுவது சாம்பல் நிறம். வேர் வழியாகக் காற்று நுழைந்த இடத்தில் மட்டும் துருவாகப் படியும். தண்ணீர் வற்றிப் பல வருடமானாலும் அந்தத் தடம் சீக்கிரம் போகாது. ஒருமுறை அப்படிப் பார்த்த இடத்தில், பக்கத்து மரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கறை இருந்தது. "மேட்டு மனை" என்று விற்ற இடம் அது.

சேமிப்புமனை, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விதி வருவதற்கு முன்பும் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. நீங்கள் நிரப்பினால் அது பக்கத்து வீட்டுக்குள் போகும்.

சேமிப்புமனை:
இதை விற்றவர் சொல்லவில்லை, அனுமதி கொடுத்தவரும் சொல்லவில்லை. சரி, கட்டவில்லை. என் பணத்துக்கு என்ன வழி?

நீர்க்கரையான்:
அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பைன்லாண்ட்ஸ் காட்டுப் பகுதிக்கு 1979-ல் தனிச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் தங்கள் நில விதிகளை அதன் திட்டத்தோடு பொருத்தியாக வேண்டும். காக்கும் பகுதியில் நிலம் வைத்திருப்பவருக்குக் கட்டும் உரிமை கிரெடிட்டாகக் கிடைக்கும். வளர்ச்சிக்கு ஒதுக்கிய பகுதியில் கூடுதல் வீடு கட்ட நினைக்கும் பில்டர் அதை விலைக்கு வாங்குவார்.

சேமிப்புமனை:
அந்தக் கூடுதல் வீட்டுக்குச் சும்மாவே அனுமதி கிடைத்தால் கிரெடிட்டை யார் வாங்குவார்? முதலில் அந்த வாசலை அடைத்துவிடுங்கள். அதை விதியில் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

நீர்க்கரையான்:
இது நான் யோசிக்காதது. சேர்க்கிறேன். ஆனால் "விதிவிலக்கு கிடையாது" என்பதை எடுக்க மாட்டேன்.

மண்வாசகன்:
குழி தோண்டும் நாளில் சொந்தக்காரரும் கூட நிற்க வேண்டும் என்பதையும் சேருங்கள். மண்ணை அவரே கையில் வாங்கிப் பார்க்கட்டும்.