நெல் குலைநோய்க் கட்டுரை: காசு கட்டாமல் படிக்க வழி உண்டா?

மன்னார்குடி மாணவி:
குறுவையில் குலைநோய் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். எங்களுடையது தனியார் கல்லூரி. ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையை இணையத்தில் திறந்தால் சுருக்கம் மட்டும் தெரிகிறது, மீதிக்கு 30 டாலர் கேட்கிறது. இங்கே விடுதிக் கட்டணமே பாக்கி! ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் எங்களுக்குக் கிடைக்காதா?

தஞ்சாவூர் நூலகர்:
2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான் அம்மா. கட்டுரைத் தலைப்பை அப்படியே ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் போட்டு, எல்லாப் பதிப்புகளையும் பாருங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிய பிரதி சில நேரம் அங்கே மாட்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது, இலவசம்.

ஆடுதுறைக்காரர்:
அப்புறம், எழுதியவருக்கே மெயில் போடும்மா. முகவரி முதல் பக்கத்திலேயே இருக்கும். தயங்காதே, கட்டுரை விற்கிற காசில் அவருக்குப் பொதுவாக ஒரு பைசா போகாது.

மன்னார்குடி மாணவி:
போட்டேன், பிடிஎஃப் வந்துவிட்டது! அதில் மேற்கோள் காட்டிய கட்டுரைக்கும் பூட்டு. சரி, அதை எழுதியவருக்கும் ஒரு மெயில்.