நடுவில் வேறொருவர் கோல் போட்டால் ஹாட்ரிக் அறுந்துவிடுமா? சேத்ரிக்கு மூன்றா, நான்கா?

தெற்குகேலரி:

இரண்டு நாளாக அலுவலகத்தில் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது, முடிவுக்கு வரவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். இந்திய அணிக்காக சுனில் சேத்ரி எத்தனை ஹாட்ரிக் போட்டிருக்கிறார்? நான் நான்கு என்கிறேன். பக்கத்து இருக்கை நண்பர் கிரிக்கெட்டில் ஊறியவர், இப்போதுதான் கால்பந்து பக்கம் வந்திருக்கிறார். அவர் என்ன சொல்கிறார் என்றால், 2008-இல் தஜிகிஸ்தானுடன் ஆடிய இறுதிப்போட்டியில் சேத்ரி முதல் கோல் போட்ட பிறகு நம் அணியின் பாய்சுங் பூட்டியா ஒன்று போட்டார், அதற்குப் பிறகுதான் சேத்ரி மறுபடி போட்டார், அப்படியென்றால் தொடர்ச்சி விட்டுப்போச்சு, எப்படி ஹாட்ரிக் ஆகும் என்று கேட்கிறார். 2023-இல் பாகிஸ்தானுக்கு எதிராகப் போட்டதையும் ஒத்துக்கொள்ள மறுக்கிறார், காரணம் மூன்றில் இரண்டு பெனால்டி. போதாக்குறைக்கு, சேத்ரிக்கு மூன்று ஹாட்ரிக் என்று சொல்லும் ஒரு கட்டுரையையும் எங்கிருந்தோ தேடி எடுத்துக் காட்டுகிறார்.

இன்னொன்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டது தேசிய அணிக் கணக்கில் சேருமா? ஒலிம்பிக் கால்பந்து என்றால் 23 வயதுக்குட்பட்டவர்கள் ஆடுவதுதானே என்கிறார் அவர். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், அப்படியே அவருக்கு அனுப்பப் போகிறேன்.

கார்னர்கொடி:

நான்குதான். உங்கள் நண்பருக்கு வந்த குழப்பம் கிரிக்கெட்டிலிருந்து வருபவர்கள் எல்லோருக்கும் வரும், தப்பில்லை. அந்தச் சொல்லே அங்கிருந்து வந்ததுதான்: 1858-இல் ஷெஃபீல்டில் ஸ்டீஃபன்சன் என்ற பந்துவீச்சாளர் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தார், அதற்குப் பணம் வசூல் செய்து ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள் என்பார்கள். கால்பந்துக்கு வந்தபோது அந்த 'அடுத்தடுத்து' கழன்றுவிட்டது. ஒரே மேட்சில் ஒரே ஆள் மூன்று கோல், அவ்வளவுதான். நடுவில் சொந்த அணிக்காரர் போடலாம், எதிரணி போடலாம், ஒரு கோல் முதல் பாதியிலும் மற்றது எக்ஸ்ட்ரா டைமிலும் வரலாம். ஜெர்மனியில் மட்டும் பழைய ரசிகர்கள் ஒரே பாதியில், நடுவில் யாரும் போடாமல், வரிசையாக மூன்று போட்டால்தான் அசல் ஹாட்ரிக் என்பார்கள். உங்கள் நண்பர் அங்கே போனால் ஆதரவு கிடைக்கும்.

பெனால்டியும் சேரும். மேட்ச் நேரத்துக்குள் அடித்த பெனால்டி முழு கோல். சேராதது ஷூட்அவுட்டில், அதாவது மேட்ச் சமனில் முடிந்த பிறகு வெற்றியாளரை முடிவுசெய்ய மாறி மாறி அடிப்பது. அந்த பாகிஸ்தான் மேட்ச் நடந்த அதே 2023 சாஃப் கோப்பையில் (தெற்காசியத் தொடர்) நம் அரையிறுதியும் இறுதிப்போட்டியும் ஷூட்அவுட் வரை போயின, அங்கே அடித்தது எதுவும் யாருடைய கோல் எண்ணிக்கையிலும் ஏறாது. எதிரணிக்காரர் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டால் அதுவும் யாருக்கும் சேராது.

நான்கும் இவைதான். 2008 ஆகஸ்ட் 13, டெல்லி, ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சேலஞ்ச் கோப்பை இறுதிப்போட்டி, தஜிகிஸ்தானை 4-1 என்று வென்றோம். 2010 அக்டோபர் 8, புனே, வியட்நாமுடன் நட்புப் போட்டி, 3-1, மூன்றும் அவருடையது. 2018 ஜூன் 1, மும்பை, இன்டர்கான்டினென்டல் கோப்பை, சீன தைபே (தைவான் அணி), 5-0. அப்புறம் 2023 ஜூன் 21, பெங்களூரு, பாகிஸ்தான், 4-0. நண்பர் காட்டிய கட்டுரையின் தேதியைப் பாருங்கள், 2018-க்கும் 2023-க்கும் நடுவில் எழுதியதாக இருக்கும். அப்போது மூன்று என்பது சரிதான்.

மழைவிடாதமேட்ச்:

பாகிஸ்தான் மேட்சுக்கு நான் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இருந்தேன், அதனால் அந்த 'வெறும் பெனால்டி' பேச்சுக்கு ஒரு பதில் சொல்லியே ஆகவேண்டும். 10-வது நிமிடத்தில் வந்த முதல் கோல் பெனால்டி இல்லை. பந்து பின்னால் கோல்கீப்பரிடம் போகிறது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, என் பக்கத்தில் இருந்தவர் அந்த நேரம் பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்துக்கொண்டிருந்தார். சேத்ரி மட்டும் பந்து போகும்போதே ஓட ஆரம்பித்துவிட்டார். கோல்கீப்பர் ஒரு தொடுதல் கூடுதலாக எடுத்தார், கால் வழுக்கியது, அவ்வளவுதான், சேத்ரி பந்தைத் தட்டிக்கொண்டு போய் காலி வலைக்குள் உருட்டிவிட்டார். அப்போது அவருக்கு 38 வயது. கோல்கீப்பர் தப்பு செய்வார் என்று நம்பி ஒவ்வொரு முறையும் இருபது முப்பது அடி ஓடுவது சும்மா இல்லை. பத்தில் ஒன்பது முறை ஒன்றும் கிடைக்காது, மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

16-வது நிமிடத்திலும் 74-வது நிமிடத்திலும்தான் பெனால்டி. முதல் பெனால்டிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒரே கோல்கீப்பர், ஒரே ஆள் அடிக்கிறார், நனைந்த தரை. அதை இரண்டு முறையும் வலைக்குள் போடுவது லேசான வேலை என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு அவருடைய மொத்தம் 90 ஆனது, மலேசியாவின் மொக்தார் தஹாரியின் 89-ஐத் தாண்டி, ஆசிய அளவில் ஈரானின் அலி தேயிக்கு அடுத்த இடத்துக்கு வந்தார்.

ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். பாகிஸ்தான் அணி விசா தாமதத்தால் மேட்ச் நடந்த அன்றைக்குத்தான் பெங்களூரு வந்து சேர்ந்தது. தூக்கம்கூட இல்லாமல் வந்து ஆடினார்கள். அந்த வெற்றியைக் கொண்டாடும்போது இதையும் சொல்வதுதான் சரி.

பழையஸ்கோர்புக்:

நெவில் டிசோசா பற்றிக் கேட்டதற்கு நன்றி. இந்தப் பெயரை யாராவது எடுத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

முதலில் கணக்கு. ஒலிம்பிக்கில் 23 வயது வரம்பு வந்தது 1992-இல். 1956-இல் இருந்த கட்டுப்பாடு வேறு: காசுக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வரக்கூடாது. நம்மிடம் அன்று அப்படி யாரும் இல்லை, ஏதாவது நிறுவனத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்கள்தான் எல்லோரும். அதனால் மெல்போர்னுக்குப் போனது இந்தியாவின் முழுத் தேசிய அணி, வேறு ஒரு 'பெரிய அணி' ஊரில் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த மூன்று கோலும் இந்திய அணிக் கணக்கில்தான் வருகிறது, வரவும் வேண்டும்.

இப்போது அந்த மேட்ச். முதல் சுற்றில் ஹங்கேரி வரவில்லை. அந்த ஆண்டு அக்டோபர், நவம்பரில் அங்கே எழுச்சியும் சோவியத் படையெடுப்பும் நடந்து நாடே கலங்கிப்போயிருந்தது. அதனால் நாம் ஆடாமலே காலிறுதிக்குப் போனோம். டிசம்பர் 1, எதிரில் போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியா, அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். நெவில் 9-வது நிமிடத்தில் போடுகிறார். 17-இல் மாரோ சமன் செய்கிறார். 33-இல் நெவில் மறுபடி. 41-இல் மாரோ மறுபடி. இடைவேளைக்கு 2-2. ஸ்கோரைப் படிக்கும்போதே தெரியும், ஒவ்வொரு முறையும் நாம் முன்னால் போக, அவர்கள் எட்டு நிமிடத்தில் வந்து பிடித்துவிடுகிறார்கள். மற்ற அணியாக இருந்தால் இரண்டாம் பாதியில் தளர்ந்திருக்கும். 50-வது நிமிடத்தில் நெவில் மூன்றாவதைப் போட்டார், 80-இல் கிட்டு நான்காவது. 4-2. ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர்தான். (தெற்குகேலரி, உங்கள் நண்பரின் கணக்குப்படி பார்த்தால் இதுவும் ஹாட்ரிக் இல்லை, நடுவில் ஆஸ்திரேலியா இரண்டு முறை போட்டிருக்கிறதே. அதை மட்டும் அவரிடம் கேட்டுப்பாருங்கள்.)

பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். நெவில் கோவாவில் பிறந்தவர், பம்பாயில் டாடா அணிக்கு ஆடியவர். அந்த ஒலிம்பிக்கில் மொத்தம் 4 கோல், யூகோஸ்லாவியாவின் வெசெலினோவிச்சும் பல்கேரியாவின் மிலானோவும் அதே நான்கு, மூவருமே முதலிடம். நம் நாட்டு ஆள் ஒருவர் ஒலிம்பிக் கால்பந்தில் அதிக கோல் அடித்தவர் என்ற பட்டியலில் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது, எனக்கு அது ஆறாத வருத்தம்.

லெஃப்ட்விங்:

எல்லாம் சரி, ஆனால் எதிரணி யார் என்பதையும் பேசவேண்டும். 1956-இல் ஆஸ்திரேலியா கால்பந்தில் பெரிய அணி இல்லை, அங்கே அப்போது ரக்பியும் அவர்களுடைய ஆஸ்திரேலிய ஃபுட்பாலும்தான் எல்லாம். வியட்நாம் நட்புப் போட்டி. சீன தைபே பலவீனமான அணி. எல்லா ஹாட்ரிக்கையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு முதலிடம் 2008-தான். அதே தஜிகிஸ்தானுடன் குழுச் சுற்றில் 1-1 என்று சமன் செய்திருந்தோம், எளிதான அணி இல்லை. இறுதிப்போட்டி ஹைதராபாத்தில் நடக்கவேண்டியது, மழையில் மைதானம் வீணாகிப் போய் டெல்லி அம்பேத்கர் மைதானத்துக்கு மாற்றினார்கள். 23 நிமிடத்துக்குள் 3-0, சேத்ரி, பூட்டியா, சேத்ரி. 75-இல் சேத்ரி மூன்றாவது. அந்த வெற்றி நம்மை 2011 ஆசியக் கோப்பைக்குக் கொண்டுபோனது, 1984-க்குப் பிறகு 27 ஆண்டு கழித்து. ஒரு ஹாட்ரிக்கால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் அந்த 2011 ஆசியக் கோப்பையில் தோஹாவில் என்ன ஆனது என்பதும் நினைவிருக்கட்டும். பஹ்ரைனிடம் 5-2 என்று தோற்றோம், அதில் இஸ்மாயில் அப்துல்லத்தீஃப் ஒருவரே நான்கு போட்டார், மூன்று முதல் பாதியிலேயே. 1952 ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று அடித்தபோதும் ஸெபெக் ஒருவரே நான்கு. நாம் போட்ட ஹாட்ரிக்கைப் பேசுகிற இடத்தில் வாங்கியதையும் பேசினால்தான் நாம் எங்கே நிற்கிறோம் என்று புரியும்.

கார்னர்கொடி:

@லெஃப்ட்விங், தைபே பலவீனமான அணி என்பது சரி. ஆனால் அந்த ஹாட்ரிக்கை நான் லேசாக விடமாட்டேன். அன்றைக்கு மும்பையில் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். நாட்டின் கேப்டன் ஹாட்ரிக் போடுகிறார், சுற்றிலும் காலி நாற்காலி. மறுநாள் அவர் ஒரு வீடியோ போட்டார், திட்டுவதற்காவது, விமர்சிப்பதற்காவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டார். மூன்று நாள் கழித்து கென்யாவுடன் நடந்த மேட்ச் அவருடைய 100-வது, டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது, அதிலும் இரண்டு போட்டார். இறுதிப்போட்டியிலும் இரண்டு. நாம் நான்கு மேட்ச் ஆடிய அந்தத் தொடரில் அவருக்கு மட்டும் எட்டு கோல். காலி மைதானத்தில் அந்த ஹாட்ரிக் போட்ட அன்றைக்கு அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஃபுல்பேக்அக்கா:

இவ்வளவு பேசியும் பெண்கள் அணியை ஒருவரும் எடுக்கவில்லை. கேள்வி 'இந்திய அணி' என்றுதான் இருக்கிறது. 2025 ஜூன் 23, தாய்லாந்தின் சியாங் மாய், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று, மங்கோலியாவை 13-0 என்று வென்றோம். ஒடிசாவைச் சேர்ந்த பியாரி ஸாக்ஸா அதில் ஐந்து கோல். மங்கோலியா பலவீனமான அணிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் தகுதிச் சுற்றில் குழுவில் முதலில் வருபவர்தான் மேலே போகமுடியும், கோல் வித்தியாசமும் கணக்கில் வரும், அதனால் 5-0 ஆனதும் காலைத் தளர்த்தாமல் ஓடியதற்கு அர்த்தம் இருக்கிறது. ஜூலை 5 அன்று தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம், அந்த இரண்டும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டது. ஹாட்ரிக் இல்லைதான். ஆனால் ஐந்தையும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு இரண்டுதான் பெரிது.

தெற்குகேலரி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மதிய இடைவேளையில் நண்பருக்குப் படித்துக் காட்டினேன். 2008-ஐ ஒத்துக்கொண்டார், நெவில் மேட்சில் ஆஸ்திரேலியா நடுவில் போட்டதைக் கேட்டதும் கொஞ்சம் நேரம் பேசவே இல்லை. கட்டுரையின் தேதியையும் பார்த்தோம், 2019. பெனால்டி விஷயத்தில் மட்டும் இன்னும் பிடிவாதம். ஆனால் இப்போது அவர் கேட்பது வேறு. அக்கா சொன்ன 2025 மேட்சின் வீடியோவைப் பார்க்கவேண்டும் என்கிறார். அப்புறம் 1997-இல் ஈஸ்ட் பெங்காலுக்காக பூட்டியா மோகன் பகானுக்கு எதிராகப் போட்ட ஹாட்ரிக் இந்திய அணிக் கணக்கில் வருமா என்றும் கேட்கிறார்.

பழையஸ்கோர்புக்:

வராது, அது ஃபெடரேஷன் கோப்பை, கிளப் மேட்ச். சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், 4-1, கொல்கத்தாக்காரர்கள் இன்றைக்கும் அதைப் பேசுவார்கள். ஆனால் தேசிய அணிக் கணக்கு வேறு.

நண்பரிடம் இதையும் சொல்லுங்கள். 1956-இல் அந்தக் காலிறுதிக்கு அடுத்து அரையிறுதியில், நான்கு ஆண்டு முன்னால் நம்மைப் பத்து கோலில் அடித்த அதே யூகோஸ்லாவியா. 52-வது நிமிடத்தில் முதல் கோலைப் போட்டதும் நெவில்தான், இந்தியா 1-0. இரண்டே நிமிடத்தில் அவர்கள் சமன் செய்தார்கள், கடைசியில் 4-1 என்று தோற்றோம். அந்த இரண்டு நிமிடம் இந்தியா ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தது.